பஸ்ஸில் முடிந்த படம்

"அந்த அம்மா செத்துட்டாங்களா, இல்லையாம்மா?"

என் ஐந்து வயது மகள் செல்வியின் கேள்வி இது. இன்னும் பதில் சொல்லவில்லை நான்.

விஷயம் ஒரு சினிமா. சின்ன வயதில் ஒடுகத்தூர் கொட்டாயில் மேட்னி பார்த்த படம். பார்த்தேன் என்றா சொன்னேன்? முக்கால்வாசிதான்! எங்கள் ஜவ்வாது மலைக்குப் போகும் கடைசி பஸ், படம் முடியும்வரை நிற்காது. கதாநாயகனின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடப்பாள்... வெளியே ஹாரன் அடிக்கும். கண்டக்டர் கொட்டாய் வாசலில் நின்று, "மலைக்குப் போறவங்கல்லாம் வாங்க!" என்று குரல் கொடுப்பார். பாதிக் கொட்டாய் காலி.

மீதிக் கதையை, பஸ் வளைவுகளில் திணறும்போது அப்பா சொன்னார். மகன் மருந்தோடு ஓடி வந்தான், அம்மா கண் திறந்தாள், கஞ்சி கேட்டாள்... பஸ்ஸே கைதட்டியது.

போன வாரம் ஊர்த் திருவிழாவுக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்தார்கள். பெரியவர்கள் எல்லோரும் கேட்டது அந்தப் படத்தைத்தான். செல்வியை மடியில் வைத்துக்கொண்டு, "பாரேன், இப்ப எழுந்துடுவாங்க" என்று வேறு சொல்லிவைத்தேன்.

எழுந்திருக்கவில்லை. மகன் அவள் காலில் விழுந்து கதறினான். 'வணக்கம்' போட்டுவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா டெக்குக்காரரைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாப்பா, வேற கேசட்ட எடுத்தாந்துட்டியா? அந்தம்மா கஞ்சி குடிப்பாங்களே!"

அப்பாவைத் தனியே மடக்கினேன். "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"நானும் உங்கூடத்தானேம்மா எழுந்து வந்தேன்? எனக்கு மட்டும் இன்னா தெரியும்? பஸ்ஸு பூரா புள்ளைங்க. அழுதுகினே வூட்டுக்குப் போவணுமா?"

கோபமே வரவில்லை. டெக்கில் பார்த்ததைவிட அப்பாவின் முடிவுதான் நன்றாக இருந்தது!

ஆனால் செல்வி? என்னை விட்டுப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். நான் கண்ணை மூடினால் போதும் — உலுக்கி எழுப்பிவிடுகிறாள்.

"எழுந்துட்டாங்கன்னு சொல்லிட்டுப் போயேம்மா" என்கிறார் அப்பா. சொன்னால் நாளைக்கே பள்ளிக்கூடம் போவாள். ஆனால் எனக்குத் தெரிந்த மாதிரி அவளுக்கும் ஒருநாள் தெரிந்துவிட்டால்? அப்புறம் நான் சொல்லும் எதை நம்புவாள்? உண்மையைச் சொல்லலாம் என்றால்... ஐந்து வயது. வாய் வரவில்லை.

பிள்ளை வளர்த்த வாசகிகளே, நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள் — எனக்குத் தூக்கம் சொக்குகிறது.