மணலில் நட்ட மரவள்ளி

ரயில்வே வேலை போனதும் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, என் கணவர் நகருக்கு வெளியே அம்பாங்கில் ஒரு துண்டு நிலம் பிடித்தார்.

"இனி யார்கிட்டயும் கையேந்த வேணாம். நம்ம சாப்பாட்ட நாமளே விளைய வச்சுக்கலாம்" என்றார்.

குடிசை போட்டு, கிணறு தோண்டி, மரவள்ளிக் குச்சிகளை நட்டோம். மூன்று மாதமாகியும் அவை முழ உயரத்தைத் தாண்டவில்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். விரல் தடிமனுக்குக்கூடக் கிழங்கில்லை.

அவ்வழியே வந்த சீனத் தோட்டக்காரர் மண்ணை அள்ளிப் பார்த்துவிட்டு, அரைகுறைத் தமிழில் சொன்னார்: "இது சுரங்கத்துல ஈயம் கழுவிப் போட்ட மணல் லா. ஒண்ணும் வராது."

என் கணவர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மண்வெட்டியை எடுத்து அடுத்த பாத்தியைக் கொத்தத் தொடங்கினார். நிறுத்தினால் எங்கே போவது? பக்கத்தில் உட்கார்ந்து கற்களைப் பொறுக்கினேன்.