ஆக என்னும் விகுதி

தமிழ் இலக்கியத்தில் முதுகலை முடித்த கையோடு, தேனியில் ஒரு சொட்டுநீர்ப் பாசன நிறுவனத்தின் பட்டதாரிப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தேன். பயிற்சி முடியும்போது எங்களில் ஒருவருக்கு மட்டுமே உத்தமபாளையம் கிளையில் நிரந்தர வேலை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். அந்த வேலை கிடைத்தால் உத்தமபாளையத்தில் அறை எடுத்துத் தங்கிக்கொள்ள அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். கிடைக்காவிட்டால் கெங்குவார்பட்டிக்குத் திரும்பி, பேசி நிறுத்திவைத்திருந்த சம்பந்தத்துக்குத் தலையாட்ட வேண்டும். எனக்குத் தெளிவான வாக்கியங்கள் பிடிக்கும். இது தெளிவாக இருந்தது.

முதல் வாரத்தில் ஒருநாள் பயிற்சி மேலாளர் என்னைக் கூப்பிட்டு, மற்றவர்களைத் தம் அறைக்கு வரச்சொல்லி அனுப்பினார். நான் வெளியே வந்து, "சார் எல்லாரையும் உள்ள வரச் சொன்னாக" என்றேன்.

சென்னையிலிருந்து வந்திருந்த எம்.பி.ஏ. பட்டதாரி ஒருத்தி நாற்காலியோடு சுழன்று திரும்பினாள்.

"சொன்னாகவா? ஆக, என்னதான் சொன்னாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். அறைக்கதவு திறந்திருந்ததால் மேலாளருக்கும் கேட்டிருக்கிறது. நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஆக..." என்று இழுத்து நிறுத்தினார். மறுபடியும் சிரிப்பு. அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டமும் அந்தச் சொல்லில்தான் தொடங்கியது. எனக்கு 'மிஸ் ஆக' என்று பெயரும் வந்தது.

எங்கள் பக்கம் மதிப்புக்குரிய ஒருவரைப் பற்றிப் பேசும்போது வினைச்சொல் 'ஆக' என்று முடியும். வந்தாக, இருந்தாக, சாப்பிட்டாக. மேலாளருக்கு நான் அன்று கொடுத்த மரியாதை முழுவதும் அந்த ஒரு விகுதியில்தான் இருந்தது. அவர் சிரித்ததும் அதைப் பார்த்துத்தான்.

பிறகு தனியே அழைத்து அறிவுரையும் சொன்னார். "கஸ்டமர்கிட்ட இப்படிப் பேசினா கம்பெனி இமேஜ் என்னம்மா ஆகுறது? தமிழ் படிச்சவங்க நீங்க. நியூட்ரலா பேசக் கத்துக்கங்க."

கற்றுக்கொண்டேன். பெரியகுளம் வழியாக வரும் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து உதடு மட்டும் அசைய, சொன்னாங்க, வந்தாங்க, இருக்காங்க என்று பழகினேன். 'அங்கன' போய் 'அங்க' வந்தது. இலக்கண நூற்பாக்களை மனனம் செய்து வளர்ந்தவளுக்கு இது பெரிய வேலையில்லை.

இடையில் குழுவாக வைகை அணைக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். பூங்காவில் வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கொருவரை நடித்துக் காட்டச் சொன்னார் மேலாளர். சென்னைப் பெண் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"ஏ ஆத்தா! சார் வந்தாக, டீ குடிச்சாக, பாத்ரூம் போனாக! இன்னும் வரலயேத்தா, அங்கனயே தூங்கிட்டாகளோ!"

மேலாளர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பினூடே என்னைப் பார்த்து, "நீங்களும் சிரிங்கம்மா. ஸ்போர்ட்டிவா எடுத்துக்கணும்" என்றார். சிரித்தேன். அதற்கும் மதிப்பெண் உண்டு என்று எனக்குத் தெரியும். அவள் நடிப்பில் பிழையே இல்லாததையும் கவனித்தேன். என்னைவிட நன்றாக என்னைப் பேசினாள்.

அன்று மாலை வீட்டில், வேலை எப்படிப் போகிறது என்று அம்மா கேட்டாள். "நல்லா பண்றேன்னு சொல்றாங்கம்மா" என்றேன். அம்மா வாசல்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆபீஸ்காரக யாரும் வந்துருக்காகளா? யாருக்காகப் பாப்பா இப்புடிப் பேசுற?"

இறுதி மதிப்பீடு ஒரு தொலைபேசி அழைப்பு. ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் ஒரு விவசாயியை அழைக்க வேண்டும். எங்கள் பொறியாளர் அவருடைய தோட்டத்தைப் பார்வையிடச் சம்மதம் வாங்க வேண்டும். எனக்குக் கிடைத்தவர் உத்தமபாளையத்தை அடுத்துத் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர்.

"வணக்கம் ஐயா. எங்க என்ஜினியர் நாளைக்கு உங்க தோட்டத்துக்கு வர்றாங்க. நீங்க இருப்பீங்களா?"

"எந்த ஊருத்தா நீ?"

"கெங்குவார்பட்டி ஐயா."

மறுமுனையில் குரல் உயர்ந்தது.

"கெங்குவார்பட்டியில எங்க அக்காளக் குடுத்துருக்கு. அங்கன ஒருத்தரும் இப்புடிப் பேச மாட்டாக. மெட்ராசுல உக்காந்துக்கிட்டு ஊர்ப்பேரச் சொல்லி ஏமாத்தப் பாக்குறியாக்கும்? ஊரையே பொய்யாச் சொல்றவ குழாய மட்டும் ஒழுங்காவா குடுக்கப் போற? வையி போன."

அவரே வைத்துவிட்டார்.

அடுத்து சென்னைப் பெண்ணின் முறை. அவளுக்குக் கிடைத்தவர் வாழை விவசாயி. எண்ணை அழுத்தும்போதே தோள்களைச் சற்றுத் தளர்த்திக்கொண்டாள்.

"சித்தப்பா, வணக்கம். நம்ம என்ஜினியர் நாளைக்கு உங்க தோட்டத்துக்கு வாராக. அங்கனதான இருப்பீக?"

"இருப்பம்த்தா. நீ எந்தப் பக்கம்?"

"கம்பம் பக்கந்தான் சித்தப்பா."

"அதான பாத்தேன், நம்ம பிள்ளையாவுல்ல இருக்கு! வரச் சொல்லுத்தா, காலையிலயே வரச் சொல்லு."

சுற்றிலும் கைதட்டினார்கள். நான் சொன்னது உண்மை. அவள் சொன்னது பொய். அதை அந்த அறையில் யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேலாளர் என்னிடம் முடிவைச் சொன்னபோது கனிவாகவே பேசினார். "உங்ககிட்ட எல்லாம் இருக்கும்மா. லோக்கல் கனெக்ட்தான் இல்ல. இந்த வேலைக்கு அதுதான முக்கியம்?" நான் எழுந்தபோது, ஏதோ நினைவு வந்தவராய், "கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஹெல்ப். உத்தமபாளையம் போகப்போற அந்தச் சென்னைப் பொண்ணுக்கு இந்த 'ஆக' சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. சில இடத்துல தடுமாறுறாங்க" என்றார்.

மறுத்திருக்கலாம். ஆனால் பயிற்சிச் சான்றிதழில் அவர் இன்னும் கையெழுத்திடவில்லை.

அவள் பேனாவும் கையுமாக என்னெதிரே வந்து உட்கார்ந்தாள். நல்ல மாணவி. அப்பாவுக்கு வருமா, கலெக்டருக்கு வருமா, பெண்களுக்கும் வருமா என்று வரிசையாகக் கேட்டாள். மூத்தவர்களென்றால் பெண்களுக்கும் வரும் என்றேன்.

"உன்னைப் பத்திச் சொல்லணும்னா? நாளைக்கு யாராவது விவசாயி ஃபோன் பண்ணி, அந்தக் கெங்குவார்பட்டிப் பொண்ணு எங்கன்னு கேட்டா?"

"எனக்கு 'ஆக' வராது. நான் உன் வயசு."

"அப்போ எப்படிச் சொல்றது?"

"அவ போயிட்டா. அவ்வளவுதான்."

"அவ போயிட்டா" என்று சொல்லிப் பார்த்தாள். இன்னொரு முறையும் சொன்னாள். "கரெக்ட்டா?"

"சரிதான்" என்றேன். உச்சரிப்பில் குறை எதுவும் இல்லை.