சோலோ வந்தால் குறையும் சத்தம்

கொழும்பு வெள்ளவத்தை நாகேந்திரத்துக்கு இரண்டு உத்தியோகம். கிழமை நாட்களில் கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க். சனி, ஞாயிறுகளில் நெவில் என்ற சிங்கள நண்பனின் கல்யாண பாண்டில் லீட் கிட்டார். முதலாவது வயிற்றுக்கு. இரண்டாவதுக்காகத்தான் மனிதர் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் அவருடைய மனைவி பாலேஸ்வரி கோபிக்க மாட்டாள். அவளுக்கும் அது தெரியும்.

நெவிலின் பாண்டில் ஒரு வழக்கம். ஒருவன் சோலோ வாசித்து முடித்ததும் நெவில் மைக்கில் அவன் பெயரைச் சொல்லுவான், சனம் கைதட்டும். அந்த ஒரு கணத்துக்காக நாகேந்திரம் புறக்கோட்டைக் கடைகளில் சாமான் பொறுக்கித் தன் கையாலேயே ஒரு பெடல் செய்தார். காலால் அமத்தினால் கிட்டார் கரகரத்து உறுமும்.

வீட்டில் உறுமத்தான் செய்தது. வீட்டுக்கார அன்னபாக்கியம் மாமி ஓடிவந்து, "தம்பி, சத்தத்தைக் குறையும்! பொலிஸ் வந்து நிண்டால் ஆர் பதில் சொல்லுறது?" என்றார். தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. கொழும்புக் கோட்டையில் வங்கிக் கட்டடத்தில் குண்டு வெடித்த பிறகு, வெள்ளவத்தையில் தமிழர் இருமுவதற்கும் யோசித்த காலம்.

மேடையில்தான் அந்தச் சனியன் காலை வாரியது. பெடலை அமத்தினால் சத்தம் கூடுவதற்குப் பதில் குறைந்தது. சோலோ முழுவதும் ட்ரம்ஸுக்குள் அமிழ்ந்து போகும். நெவில் பெயர் சொல்வதில்லை. ஆகவே கைதட்டும் இல்லை.

நாகேந்திரம் பெட்டியைக் கழற்றினார். பற்றரி மாற்றினார். ஈயம் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று எல்லா இடத்தையும் திரும்பப் பற்றவைத்தார். டிரான்சிஸ்டரை மாற்றினார், சத்தம் கூட்டும் குமிழை மாற்றினார். வீட்டில் பழையபடி உறுமல். மேடையில் பழையபடி முனகல். நீளமான வயர்தான் சத்தத்தைத் தின்கிறதாக்கும் என்று அதற்கும் ஒரு சின்னச் சர்க்கியூட் கட்டினார். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று பாலேஸ்வரி சிரித்தபோது அவருக்குச் சுள்ளென்றது. ஆனாலும் அவர் சந்தேகப்பட்டது தன்னைத்தான். அந்தக் காலத்துக் கொழும்பில் தமிழனுக்கு அது பழகிப்போன புத்தி. எங்கே என்ன பிழைத்தாலும் முதலில் தன் சட்டைப்பையைத்தான் தடவிப் பார்ப்பான்.

கல்கிசையில் ஒரு கல்யாணம். சோலோ வந்தது. அன்றைக்கு என்ன நினைத்தாரோ, பெடலை அமத்தாமல் காலை அதன் பக்கத்தில் சும்மா வைத்தார். பெடல் வேலையே செய்யவில்லை. என்றாலும் சத்தம் இறங்கியது!

வாசித்தபடியே நிமிர்ந்து பார்த்தார். சவுண்ட் மிக்ஸரில் இருந்த அலவி, அவருடைய பழைய சிநேகிதன், அவருடைய காலையே பார்த்தபடி சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் அவனுடைய சட்டையைப் பிடித்தார். "பொட்டியில ஒண்டும் பிழ இல்ல அண்ணே," என்றான் அலவி, முகத்தைப் பார்க்காமல். "நீங்க கால வெக்கிற நேரம் கொறைக்கச் செல்லி நெவில்தான் செல்லீக்கிறாரு. எனக்கும் புள்ள குட்டி ஈக்கி. நான் என்ன செய்ற?"

நேரே போய்க் கேட்டபோது நெவில் மறைக்கவில்லை. "கல்யாண ஹோலில் பாதிப் பேர் ஆமிக்காரர். மைக்கில் நாகேந்திரம் என்று எப்படி மச்சான் சொல்லுவேன்? சோலோ கேட்டால் ஆர் வாசித்தது என்று கேட்பார்கள். நான் இனம் பார்க்கிறவனா? பார்த்தால் உன்னை வைத்திருப்பேனா?" என்று சிங்களத்தில் சொல்லித் தோளில் கைபோட்டான். "நிஹால் என்று ஒரு சிங்களப் பெயரைச் சொல்லட்டுமா? சத்தத்தை முழுதாகத் திறந்து விடச் சொல்கிறேன்."

தூ என்று துப்பிவிட்டு வந்திருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பெடலை ஒரு ஹோல் நிறைய ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை, பாழாய்ப்போன ஆசை, அவரைத் தலையாட்ட வைத்தது.

அடுத்த சோலோவில் பெடல் உறுமியது. அப்பப்பா, ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன! ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். "லீட் கிட்டார், நிஹால்!" என்றான் நெவில். ஹோலே கைதட்டியது. நாகேந்திரம் குனிந்து வணங்கினார். உடம்பெல்லாம் கூசியது.

பிறகு, தட்டோடு சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, பின்னாலிருந்து குடிவெறியில் ஒருவன் "நிஹால் அய்யே!" என்று சிங்களத்தில் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான்.

அவர் உடனே திரும்பிப் பார்த்தார்.