மாதா கோயிலுக்குப் படி வைத்த நத்தார்

கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த நான், கலியாணமாகி கந்தப்பளைக்கு மேலே இருக்கும் தோட்டத்துக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருடங்கள் ஆகியிருந்தன. என் வீட்டுக்காரருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. நான் கொழுந்து பறித்தேன். அந்தத் தோட்டத்தில் வேதக்காரர்கள் என்று சொன்னால் பதினெட்டுக் குடும்பம்தான். மற்ற எல்லோரும் முருகன் கோயிலுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் போகிறவர்கள். எங்களுக்கென்று ஒரு சின்ன மாதா கோயில், தகரக் கூரையோடு, மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்கும் மேலே தேயிலை மலையின் உச்சியில் இருந்தது. சாமியார் நுவரெலியாவிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை மோட்டார் சைக்கிளில் வருவார். தொழிற்சாலை வரைக்கும்தான் ரோடு. அதற்கு மேல் தேயிலைக்கு நடுவே ஏறுகிற ஒற்றையடிப் பாதை.

சாமியார் பெரிய உடம்புக்காரர். ஒரு முழங்காலில் எந்நேரமும் வலி. நான் சொல்லப்போகிற வருடம், ஆகமன காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்கு வந்தபோது மூன்று நாளாக விடாத மழை. பாதை சேறாகிப் பாதி இடத்தில் மண் சரிந்து கிடந்தது. நாங்கள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறி வந்துகொண்டிருந்தவர் திடீரென்று காணாமல் போனார். ஓடிப்போய்ப் பார்த்தால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மல்லாந்து கிடக்கிறார். வெள்ளை அங்கி முழுக்கச் சேறு. நாலு ஆள் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

"செடிக்கு ஒண்ணும் ஆகலையே? தொரைக்கு நான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். பிறகுதான் எங்களுக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது.

அன்றைக்கு ஊதா உடுப்புப் போட்டுக்கொண்டு அவர் செய்த பிரசங்கம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆண்டவர் பிறந்த நாளான நத்தாருக்கு முந்தின இந்த நாலு வாரமும் சும்மா உட்கார்ந்து காத்திருக்கிற காலம் இல்லை என்றார். ஒரு பெரிய மனுஷர் வீட்டுக்கு வருகிறார் என்றால் வாசலைப் பெருக்குகிறோம், பாதையைச் சரிப்படுத்துகிறோம். ஆண்டவர் பிறந்து வருகிற வழியை நம் ஒவ்வொருவருடைய மனசிலும் சரிப்படுத்த வேண்டும், மேடு இருந்தால் வெட்ட வேண்டும், பள்ளம் இருந்தால் நிரப்ப வேண்டும் என்றார். பூசை முடிந்ததும் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். இந்தக் காலோடு இனி அந்தப் பாதையில் ஏற முடியாதாம். நத்தார் காலைப் பூசையைப் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் வைப்பதாகவும் நாங்கள் அங்கே வந்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

பக்கத்துத் தோட்டம் நாலு மைல். மார்கழிப் பனியில் கைக்குழந்தைகளையும் வயசானவர்களையும் எப்படிக் கூட்டிப்போவது? எல்லோரும் முகம் தொங்கிப்போய் நின்றார்கள். எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. "சாமி, நீங்க சொன்ன மாதிரி நாங்க பாதையச் சரி பண்ணிட்டா இங்கயே வருவீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் மனசைப் பற்றித்தான் பேசியிருந்தார். நான் சேற்றுப் பாதையைப் பற்றிக் கேட்டேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "படி வச்சிக் குடுத்தா கண்டிப்பா வாரேன்" என்றார்.

இப்படித்தான் அந்த வேலை எங்கள் தலையில் வந்து விழுந்தது. தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் போய்க் கேட்டோம். "ஒரு செடியக்கூடத் தொடாம என்னவும் செஞ்சிக்கங்க" என்று உத்தரவு கொடுத்தார். கல்லுக்குக் குறைவில்லை, கீழே ஓடையில் வேண்டிய மட்டும் கிடந்தது. ஆனால் அந்தச் சரிவில் சும்மா கல்லை அடுக்கினால் அடுத்த மழைக்கே போய்விடும். அதற்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும். தோட்டத்தில் கல்கட்டு வேலைக்கு ஒரே ஒருவர்தான். ரோட்டோரத்து அணைகளையெல்லாம் கட்டினவர் அவர். எங்கள் பக்கத்துக் காம்பராக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

அந்த வீட்டோடு எங்களுக்குப் பதினோரு மாதமாகப் பேச்சில்லை.

காரணம் ஒரு பூசணிக்காய். லயத்துக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு துண்டுத் தோட்டம். என் பக்கத்தில் முளைத்த பூசணிக்கொடி வேலியைத் தாண்டி அந்த வீட்டு அக்காவின் பக்கத்தில் போய்க் காய்த்தது. ஒரே ஒரு காய், ஆனால் குழந்தையைப் போலத் தூக்க வேண்டிய அளவு. அக்கா பறித்துச் சமைத்துவிட்டார். என் கொடியில் காய்த்ததை எப்படிப் பறிக்கலாம் என்று நான் கேட்டேன். என் மண்ணில் கிடந்ததைப் பறிக்க யாரைக் கேட்க வேண்டும் என்று அவர் கேட்டார். நான் புதுப்பெண்ணாக வந்த வாரத்தில் ரொட்டி சுடக் கல் இரவல் கொடுத்து, விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர் அவர். அப்படிப்பட்டவரோடு ஒரு காய்க்காகப் பதினோரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தேன். தினமும் செபமாலையும் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன்.

"நீதானே சாமிக்கிட்ட வாயைக் குடுத்த? நீயே போய்க் கேளு புள்ள" என்று என் வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார்.

அடுத்த நாள் சாயந்தரம் போனேன். அக்காவின் வீட்டுக்காரர், அந்தக் கல்கட்டுகிற அண்ணன், வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அக்கா உள்ளே அடுப்படியில் இருந்தார்.

"கல்லு வைக்கிறது எனக்குப் பெரிய வேலை இல்ல தங்கச்சி. வீட்டுல ஒரு வார்த்தை கேக்கணும்" என்றார் அண்ணன், உள்ளே கேட்கும்படி.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரோ வந்து பேசுற மாதிரி சத்தம் கேக்குது. யாருன்னு கேளுங்க."

"பக்கத்து வீட்டுத் தங்கச்சிதான்."

"பக்கத்து வீட்டுல ஆள் இருக்காங்களா? எனக்குத் தெரியாதே."

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் அக்கா வாசலுக்கு வந்தார், ஆனால் என்னைப் பார்க்காமல் கணவரையே பார்த்துப் பேசினார். "படி வைக்கட்டும். நான் வேணாங்கல. சாமி காரியம், எந்தச் சாமியா இருந்தா என்ன? ஆனா அந்தப் பூசணி யாரு காய்னு அவங்க வாயால சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க."

நான் திரும்பி வந்துவிட்டேன். மூன்று நாள் அந்த வாசல் பக்கமே போகவில்லை. யாருக்கும் சொல்லாத ஒரு விஷயம் என்னிடம் இருந்தது. அந்தக் கொடியை நான் நடவே இல்லை. கழுவின தண்ணீரோடு பின்பக்கம் கொட்டிய விதை தானாக முளைத்துத் தானாகப் படர்ந்தது. சண்டை வந்தபோது, நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பிறகு அதை மாற்றிச் சொல்ல வெட்கம். மேடு, பள்ளம் என்று சாமியார் சொன்னபோது மற்றவர்களுடைய மனசைப் பற்றித்தான் நினைத்தேன். வெட்ட வேண்டிய மேடு எங்கே இருக்கிறது என்று அந்த மூன்று நாளில்தான் எனக்குத் தெரிந்தது.

நாலாம் நாள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அக்காவைத் தனியாகக் கண்டேன். குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்துவிட்டு ஒரே மூச்சில் சொன்னேன். "அக்கா, அந்தக் கொடிய நான் நடல. கொட்டுன விதையில தானா வந்திச்சு. நட்டேன்னு நான் சொன்னது பொய்."

அக்கா முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "என்னா விதை?"

"நான் வந்த புதுசுல நீங்க ஒரு துண்டு பூசணி குடுத்தீங்களே, அதோட விதை."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அக்காவுக்கும் உறைத்தது. அவர் இடுப்பில் இருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பீலிக் கல்லில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். "நான் குடுத்த பூசணிக்கா என்கிட்டயேதான் திரும்பி வந்திருக்கு. இதுக்கா பதினோரு மாசம்?" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பீலிக்கு அடியில் என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நாங்கள் எழும்பவில்லை.

மறுநாளே அண்ணன் கயிறு கட்டி அளவு எடுத்தார். செடிகளுக்கு நடுவே பாதை எங்கே வளைய வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்றெல்லாம் சரிவிலேயே நின்று யோசித்தார். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்போது பொம்பிளையாட்கள் ஓடையிலிருந்து ஆளுக்கு ஒரு கல்லை வெறுங்கூடையில் போட்டுச் சுமந்து வந்தோம். முதல் இரண்டு நாள் வேதக்காரப் பெண்கள் மட்டும். மூன்றாம் நாள் அக்கா ஒரு கல்லோடு வந்தார். அவர் பின்னால் அவருடைய கொழுந்துக் கூட்டாளிகள் எல்லோரும் வந்தார்கள். எது பெரிய கல் என்று போட்டி வேறு. அண்ணன் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்து, "இது நடக்குறதுக்கு, இது அண்டக் குடுக்குறதுக்கு" என்று பிரித்தார். இருட்டுவதற்குள் ஒரு மணிநேரம், அப்படி மூன்று வாரம்.

அந்த வருடங்களில் எங்கள் ஆட்கள் எல்லோருமே எதற்காகவோ காத்திருந்தவர்கள்தான். சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் போட்டுப் பறித்த பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டு, தபால்காரர் வரும் திசையையே பார்த்துக்கொண்டு இருந்தோம். அந்தக் காத்திருப்பில் எங்கள் கையால் செய்ய ஒன்றுமே கிடையாது. ஆகமன காலத்துக் காத்திருப்பு வேறு மாதிரி என்று கல் சுமந்தபோது கண்டுகொண்டேன். அதில் வேலை இருக்கிறது. வருகிறவர் நிச்சயமாக வருவார். அவர் வருவதற்குள் நாம் முடிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அதனால்தான் அந்த மாதம் முழுக்க உடம்பு நொந்தும் மனசு லேசாக இருந்தது.

நத்தாருக்கு முந்தின நாள் கடைசிப் படியும் வைத்தாகிவிட்டது. மொத்தம் அறுபத்திரண்டு. கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலை மிலாறுக் குச்சிகளால் கோயிலுக்குள் ஒரு பாலன் குடில் கட்டி, மரத்தில் படர்ந்த பாசியை உரித்து வந்து விரித்தோம்.

காலையில் பனி விலகும்போது சாமியார் வந்தார். நுவரெலியாவில் நடுச்சாமப் பூசை முடித்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. முதல் படியைக் காலால் அழுத்திப் பார்த்தார். பிறகு ஏறினார். பாதி தூரத்தில் அண்ணன் ஒரு படியை மட்டும் அகலமாக, உட்காருகிற வாட்டத்துக்கு வைத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சாமியார் அங்கே உட்கார்ந்து காலை நீட்டினார்.

"இது எனக்குன்னே வச்சதா?" என்று கேட்டார்.

"சாமி உடம்புக்கு நடுவுல ஒரு இடம் வேணும்ல" என்றார் அண்ணன். உடனே, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று, "நாங்க முருகன் கோயில் ஆளுங்க சாமி" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அவரும் மலை உச்சியில இருக்கிறவருதானே. அதான் உங்களுக்குப் படி வைக்க நல்லாத் தெரிஞ்சிருக்கு."

அந்த நேரம் பார்த்து அக்கா ஒரு செம்பில் ஆவி பறக்கத் தேத்தண்ணியோடு ஏறி வந்து நீட்டினார். பூசைக்கு முன்னால் சாமியார்கள் எதுவும் குடிக்கக் கூடாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நான் கையைப் பிசைந்தேன். சாமியார் செம்பை வாங்கி, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, ஆவியில் முகத்தைக் காட்டினார். "கை சூடாயிருச்சும்மா. பூசை முடிஞ்சி வந்து குடிக்கிறேன். அடுப்பு ஓரமா வச்சிருங்க" என்று திருப்பிக் கொடுத்தார். சொன்ன மாதிரியே திரும்பும்போது அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து இரண்டு செம்பு குடித்தார். அக்கா சுட்ட ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டார். உறைப்பில் அவர் மூக்கு சிவந்துபோனது.

அன்றைய பூசையில் கோயில் கொள்ளாத கூட்டம். படியைப் பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர். குடிலில் கிடந்த பாலனைக் குனிந்து பார்த்து, "பச்சப்புள்ளைக்கு இந்தக் குளிர்ல ஒரு துணி போடக் கூடாதா?" என்று அக்கா கேட்டுவிட்டுத் தன் தோளில் கிடந்த துண்டைக் கிழித்துப் போர்த்திவிட்டார். நான் எத்தனையோ நத்தாரில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஆண்டவர் குழந்தையாக வந்தார் என்பதை அந்த ஒரு நொடியில் நம்பியது போல வேறு எப்போதும் நம்பியதில்லை.

அடுத்த வருடம் ஐப்பசி மழை ஓய்வதற்கு முன்பே அக்கா சுவரைத் தட்டினார். "ஏய், உங்க சாமி வாற மாசம் எப்ப தொடங்குது?"

"இன்னும் அஞ்சு வாரம் இருக்கு அக்கா."

"இந்த வருசம் என்னா வேலை? அண்ணனுக்கு முன்னாடியே சொல்லணும்ல."

அந்த வருடம் கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம்.