பூரி தின்ற புண்ணியம்

கந்த சஷ்டி வந்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆறு நாளும் பாலும் பழமுமாக இருப்பார்கள். நாலாம் வகுப்புப் படிக்கையில் நானும் விரதம் இருக்கப்போவதாக அறிவித்தேன். பக்தியெல்லாம் இல்லை. விரதம் இருப்பவர்களை யாரும் கடைக்கு அனுப்புவதில்லை என்பதைக் கவனித்து வைத்திருந்தேன்.

முதல் நாள் காலையிலேயே வயிறு என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. காப்பாற்றியவர் மாமா, அம்மாவின் தம்பி. அவரும் விரதம்தான். தினமும் என்னை ஆற்றுக்குக் குளிக்கக் கூட்டிப்போவார். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குள் நுழைந்து வயிறாரப் பூரி சாப்பிடுவோம். பிறகு வாயைத் துடைத்து, முகத்தைச் சோர்வாக்கிக்கொண்டு வீடு திரும்புவோம். "புள்ள வாடிப்போச்சே" என்று அம்மா கன்னத்தைத் தடவுவாள். நான் இன்னும் கொஞ்சம் வாடிக் காட்டுவேன்.

சூரசம்ஹாரத்தன்று காலையில் நானும் மாமாவும் பூரிக்கடையிலிருந்து திரும்பிய நேரம், பிரசவத்துக்கு வந்திருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, வலி வந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், அதற்கு ரத்தம் தயாராக இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அத்தைக்கு லேசில் கிடைக்காத வகை. ரத்த வங்கியில் இருப்பு இல்லை. நல்லவேளை, அப்பா, பெரியப்பா, மாமா மூவருக்கும் அதே வகை. "மூணு ஆளு இருக்கோம், பிறகென்ன?" என்று பெரியப்பா வீட்டிலேயே சட்டைக்கையை மடித்துக்கொண்டு கிளம்பினார். வீட்டில் தனியே விட்டுப்போக முடியாத பிராணி என்பதால் என்னையும் கூட்டிப்போனார்கள்.

ரத்த வங்கியில் நர்ஸ் அக்காவின் முதல் கேள்வி: "காலையில என்ன சாப்பிட்டிய?"

"நாங்க சஷ்டி விரதம்லா!" என்றார் பெரியப்பா பெருமையாக.

"அப்ப எடுக்க முடியாது அண்ணாச்சி."

பெரியப்பாவின் முகம் மாறிவிட்டது. எந்த வருஷமும் விரதத்தை முறிக்காத மனுஷர், அப்பாவிடம், "ஏலே, இட்லி வாங்கிட்டு வா. இங்கனயே திங்கேன்" என்றார்.

"இத்தனை நாள் பட்டினிக்கு இட்லி எந்த மூலைக்கு? நீங்க மயங்கி விழுந்தா உங்களையும்லா நாங்க பாக்கணும்" என்று நர்ஸ் அக்கா மறுத்துவிட்டார்.

அப்பா யார் யாருக்கோ போன் போட ஆரம்பித்தார். மாமா வாயைத் திறந்தார், பெரியப்பாவைப் பார்த்தார், மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார். அவர் வாய் ஒரு முடிவுக்கு வருவதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"மாமா பூரி தின்னிருக்காவ! நானுந்தான். எங்க ரெண்டு பேருக்கும் எடுங்க!"

பெரியப்பா மாமாவைப் பார்த்த பார்வைக்குச் சூரனே ஓடியிருப்பான்.

"மாப்ள, நெசமாவா?"

"ஆறு நாளும், அத்தான்" என்றார் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த கணம் பெரியப்பா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இன்னும் நாலு சேத்துத் தின்னிருக்கப்படாதா வே!"

நர்ஸ் அக்கா மாமாவைப் படுக்க வைத்துவிட்டு, கையை நீட்டியபடி வரிசையில் நின்ற என்னிடம், "பதினெட்டு வயசு ஆகட்டும், வா. இதே மாதிரி தின்னுட்டு வா" என்றார். அதன்படியே போனேன், இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். போகும் வழியில் கட்டாயம் பூரி உண்டு.

ஊசி ஏறியபோது மாமா "முருகா!" என்று அலறினார். அந்த சஷ்டியில் அவர் மனதார முருகனை நினைத்தது அந்த ஒரு நொடிதான். அப்புறம் அவருக்குக் கொடுத்த பிஸ்கட்டில் பாதியை நான் தின்றேன். விரதச் சாயம்தான் வெளுத்துவிட்டதே, இனி யாரிடம் மறைக்க? சாயங்காலம் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம் என்று பெரியப்பா ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அத்தை குழந்தையோடு வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், பெரியப்பாவும் அப்பாவும் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு ரத்த வங்கிக்குக் கிளம்பினார்கள்.

"அத்தைதான் வந்தாச்சே, இப்ப யாருக்கு?" என்று கேட்டேன்.

"யாருக்கோ! எனக்கென்னலே தெரியும்?" என்றார் பெரியப்பா.

எனக்குப் பரம சந்தோஷம். ஊரில் எல்லாம் தெரிந்தவர் என்று பேரெடுத்த பெரியப்பாவுக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது! கூடவே கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. ரத்தத்தைக் கொடுக்கிற மனுஷர், யாருக்கு என்றுகூட விசாரிக்காமல் இப்படிச் சிரித்துக்கொண்டே போகிறாரே!