சுகாதாரக் காரியதரிசி கழுவ வேண்டிய குப்பிகள்

1. பலகை

கொட்டாரம் பக்கத்துத் தர்ம வைத்தியசாலையில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்த அன்று, சுவரிலிருந்த பெயர்ப்பலகையைத்தான் முதலில் வாசித்தேன். தலைவர், இரண்டு உபதலைவர்கள், பொருளாளர், சுகாதாரக் காரியதரிசி, கட்டட மேற்பார்வையாளர், விழாப் பொறுப்பாளர். பெரிய நன்கொடை கொடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு பதவி. இனி கொடுக்கப்போகிறவர்களுக்கும் அடியில் இடம் விட்டிருந்தார்கள். வேலை செய்கிறவர்கள் பலகையில் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் வரும் டாக்டர், நான், செல்லம்மை.

செல்லம்மையின் வேலைகள்: கிணற்றிலிருந்து தண்ணீர் கோருவது, கொதிக்க வைப்பது, கூட்டுவது, குப்பி கழுவுவது. கடைசி வேலைதான் பெரிது. மருந்து மிக்ஸ்சருக்குக் குப்பியை நோயாளிகளே கொண்டுவர வேண்டும். மண்ணெண்ணெய்க் குப்பி, மீனெண்ணெய்க் குப்பி, கள்ளுக்கடையிலிருந்து நேராக வந்த குப்பி எல்லாம் வரும்.

2. சிக்கனம்

ஒரு வருஷம் நன்கொடை குறைந்தது. கமிட்டி கூடியது. தாங்கள் வந்த வில்வண்டிக் கூலியை வைத்தியசாலைச் செலவில் எழுதச் சொல்லிவிட்டு, காப்பியும் நெய்யப்பமும் சாப்பிட்டபடியே எல்லாரும் சிக்கனத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார்கள். செல்லம்மையை மாதக் கடைசியோடு நிறுத்துவது என்று முடிவாயிற்று. அவள் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் கஞ்சி குடித்தன.

தலைவர் பெரிய நிலக்காரர், நல்ல மனிதரும்கூட. "குப்பி கழுவுகதுக்கு ஒரு ஆளாக்கும்? எல்லாருமாச் சேந்து செய்தாப் போச்சு மக்ளே," என்றார்.

எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பலகையைக் காட்டினார்.

அதன்படியே வேலைகளைப் பிரித்து எழுதினேன். கிணறு கட்டடத்தோடு சேர்ந்தது. எனவே தண்ணீர் கோருவது கட்டட மேற்பார்வையாளருக்கு. குப்பிகள் சுகாதாரக் காரியதரிசிக்கு. தலைவர் அதை வேடிக்கை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார்.

3. வரிசை

மாதம் பிறந்தது. பலகையிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. நானே குப்பிகளைக் கழுவி நானே மருந்து கலக்கினேன். வரிசை ரோடுவரை நீண்டது. இருமலுக்கு எங்கள் மிக்ஸ்சரைத்தான் குடிப்பார் தலைவர். அன்று அவரும் வந்தார். அவர் குப்பியில் வேப்பெண்ணெய் இருந்திருக்கிறது.

"கழுவணும் அண்ணாச்சி. சுகாதாரக் காரியதரிசி வியாபாரத்துக்கு நெல்லு பிடிக்க ஆரல்வாய்மொழிக்குப் போயிருக்காரு," என்றேன்.

"நீ கழுவப்பிடாதா?"

"கழுவலாம். மருந்து கலக்குகதுக்குப் பலகையில ஒரு ஆளச் சொல்லுங்கோ."

அவருக்குப் பின்னால், காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரையிலிருந்து வந்த ஒரு பெண் நின்றாள். "மொதலாளி, கழுவுனா கழுவும், இல்லேன்னா வழி விடும். எனக்க பிள்ளைக்கு மேலு சுடுகு," என்றாள்.

தலைவர் குப்பியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அவரே தண்ணீர் கோரி, தோளில் கிடந்த நேரியல் நனையக் கழுவினார். அந்தப் பெண்ணும் கூடவே போய்த் தன் குப்பியை நீட்டினாள். "கையோட இதையும் கழுவிரும்."

அதையும் கழுவினார். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று குப்பிகள் நீண்டன. கொஞ்ச நேரத்தில் வண்டிக்காரனைக் கூப்பிட்டு, செல்லம்மையை ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார். வைத்தியசாலைக்கு வில்வண்டியில் வந்த ஊழியர் அவள் ஒருத்திதான்.

அடுத்த கூட்டத்தில் செல்லம்மைக்குப் பதிலாக வண்டிக்கூலியும் நெய்யப்பமும் நின்றன. விழாப் பொறுப்பாளர் மட்டும் வருத்தப்பட்டார்.

இதுபோன்ற இடங்களில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் செய்கிறவரின் பெயரை எழுதுங்கள். எந்த வேலைக்கும் எதிரே வராத பெயர்கள் மிஞ்சும். குறைப்பை அங்கே தொடங்கலாம், மரியாதையாகவே தொடங்கலாம்.