சித்திரையில் காட்டிய மனை

கலைச்செல்வனை முதல் தடவை பார்க்கிறவர்கள் பள்ளிக்கூட வாத்தியார் என்றுதான் நினைப்பார்கள். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, அவசரப்படாத பேச்சு. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டிப் போட்டிருக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் அவனுடைய ஆபீஸ். இருபத்திரண்டு வருஷமாக நிலம், மனை வாங்கி விற்றுக் கொடுக்கிற புரோக்கர் வேலை. கூரை இல்லாத அந்த ஆபீஸில் உட்கார்ந்தபடியே பாதி மதுராந்தகத்தைச் சென்னைக்காரர்களுக்கு விற்றுவிட்டான் என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். அவனுக்கு அதில் பெருமைதான்.

இந்தத் தொழிலுக்குப் பணம் வேண்டாம், தினக் காலண்டர் இருந்தால் போதும் என்பான். தை பிறந்ததும் ஃபோன் வர ஆரம்பிக்கும். பொங்கலுக்குச் சொந்த ஊர் போய்த் திரும்பிய பட்டணத்து ஜனத்துக்கு மண்ணாசை வந்திருக்கும். பங்குனியும் சித்திரையும் வைகாசியும் மனை காட்டுகிற மாசங்கள். வெயில் மண்டையைப் பிளந்தாலும் காருக்குள் ஏ.சி. போட்டுக்கொண்டு குடும்பத்தோடு வருவார்கள். ஆடியில் ஒருத்தரும் பத்திரம் எழுத மாட்டார்கள். ஆவணியில் கொஞ்சம் ஓடும். ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் அவன் நாற்காலியை மடக்கிவிட்டு வீட்டில் படுத்துவிடுவான். மழை நேரத்தில் எவனாவது மனை காட்டுவானா? அந்த மாசங்களில் வாங்குகிறவர்கள் உள்ளூர் ஆட்கள் மட்டும்தான். எது முழுகுகிறது, எது நிற்கிறது என்று குடையைப் பிடித்துக்கொண்டு கண்ணால் பார்த்து, பாதி விலைக்கு அடித்து வாங்குவார்கள். இதையெல்லாம் கலைச்செல்வன் வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு என்பது அவன் நியாயம்.

அவன் ஊர் மருதந்தாங்கல், உத்திரமேரூரிலிருந்து எட்டு கிலோமீட்டர். ஏரியை நம்பிய ஊர். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற இடத்துக்கு அங்கே கோடி என்று பேர். வழிந்த தண்ணீர் இரண்டு கால்வாயாகப் பிரிந்து, ஒரு ஐந்து ஏக்கர் நிலத்தைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஒன்று சேரும். அந்த ஐந்து ஏக்கருக்குக் கோடிமேடு என்று பேர். பெயர்தான் மேடு. ஏரி கோடி போகிற வருஷம் இருபது நாளைக்கு அது தீவு. மழை இன்னும் வலுத்தால் தீவும் இருக்காது. பாட்டன் காலத்திலிருந்து அங்கே எள்ளும் வேர்க்கடலையும் போட்டார்களே தவிர ஒருவரும் ஒரு குடிசைகூடக் கட்டவில்லை. அந்த நிலத்தைத்தான் காஞ்சிபுரத்து ஆள் ஒருவர் வாங்கி, கல் நட்டு, இருபத்து நாலு மனையாகப் பிரித்துக் கலைச்செல்வன் கையில் கொடுத்தார்.

போன சித்திரையில் அந்த மனையைப் பார்க்க டேனியல் வந்தார். அறுபத்தொரு வயசு. சென்னை சூளையில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. காரில் இல்லை, பஸ்ஸில் வந்தார். ஏரி அப்போது வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கோடிமேட்டின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கல்லில் எழுதியிருந்த பேரைக் காட்டிக் கேட்டார்.

"கோடிமேடுன்னு போட்டுக்கீதே, இன்னா பேர் சார் இது?"

"இங்க வாங்கிப் போட்டா கோடி ரூபா சார். பேர்லயே கீது பாருங்க," என்றான் கலைச்செல்வன்.

இது அவன் எல்லோரிடமும் சொல்கிற தமாஷ். பட்டணத்துக் காதுக்குக் கோடி என்றால் பணம்தான். டேனியலும் சிரித்தார். சிரித்துவிட்டு, இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"மழ சீசன்ல ஒரு தபா வந்து பாத்துட்டு அப்பறமா முடிச்சிக்கலாமா?"

"தாராளமா வாங்க சார். ஆனா ஐப்பசிக்கு மேல இந்த வெலைக்குக் கெடைக்காது. ஏறிடும்."

வாய் கூசவில்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், எப்படிக் கூசும்? ஐப்பசியில் அந்த இடத்துக்கு விலையே கிடையாது என்பதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கிவிட்டான். வைகாசியில் பத்திரம் பதிவானது.

இத்தனையும் அவனுக்குப் புதிதல்ல. வாங்கியவர்கள் பெரும்பாலும் கல்லை நட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த ஐந்து வருஷத்துக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். டேனியல் அப்படிப் போகவில்லை. அங்கேயே வீடு கட்டிக் குடிவரப் போவதாகச் சொல்லி, மறு வாரமே பெட்டியோடு வந்து இறங்கினார். வீடு முடிகிற வரைக்கும் தங்க இடம் கேட்டார். கலைச்செல்வன் தன் வீட்டு மாடி அறையைக் காட்டினான். வாடகை வேண்டாம் என்றாள் அவன் மனைவி கனகா.

வந்த இரண்டாம் நாளே டேனியல் ரிப்பேராகிக் கிடந்த கிரைண்டரைப் பிரித்துப் போட்டு ஓடவைத்தார். மூன்றாம் நாள் மோட்டார். நாலாம் நாள் கனகாவைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் தங்கச்சி என்றால் கலைச்செல்வன் மச்சான்தானே. சாரும் போய், நீங்களும் போய், வா மச்சான், போ மச்சான் என்று ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையானால் கோயிலுக்கு ஜெபத்துக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கிலோ ஆட்டுக்கறியோடு வருவார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

"நாப்பது வருசம் லிஃப்ட்லயே ஏறி எறங்கினேம்மா. இனிமே தரையிலயே கெடக்கணும்," என்பார் கனகாவிடம்.

கனகா சிரிக்க மாட்டாள். குனிந்து புருஷனின் இலையில் குழம்பை ஊற்றுவாள். அவளும் அந்த ஊர்க்காரிதான். கோடிமேடு எது என்று அவளுக்குத் தெரியும்.

ஆடி பிறந்தது. ஊரில் ஒருவரும் கட்டட வேலை தொடங்காத மாசம். மேஸ்திரிகள் சும்மா இருப்பார்கள். நமக்கு ஆடி ஏது என்று டேனியல் அஸ்திவாரத்துக்குக் கடகால் தோண்டச் சொல்லிவிட்டார். மேஸ்திரி வசந்த்குமார் வந்தவாசிப் பக்கத்து ஆள், இந்த ஏரியைப் பற்றி ஒன்றும் அறியாதவன். நூல் பிடித்துவிட்டு, தரையிலிருந்து பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் வைக்கலாம் என்று கேட்டான். டேனியல் கலைச்செல்வனைப் பார்த்தார்.

"நீயே சொல்லு மச்சான். உனுக்குத்தான் இந்த ஊரு மண்ணு தெரியும்."

நாலரை அடி என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. வறண்ட காட்டில் நாலரை அடி எதற்கு என்று அடுத்த கேள்வி வருமே! அதற்குப் பதில் சொன்னால் சித்திரையில் சொன்னது அத்தனையும் பொய்யென்று ஆகிவிடும்.

"ரெண்டடி போதும் மச்சான்," என்றான்.

மனையை விற்றபோது சொன்னதையாவது தொழில் என்று ஒதுக்கிவிடலாம். இந்த ரெண்டடியை எதில் சேர்ப்பது? தன் வீட்டில் சோறு தின்கிற மனுஷன் நம்பிக் கேட்டபோது, தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவரைத் தண்ணீரில் தள்ளினான். இன்றைக்கும் அவன் மனசு மருகுவது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

புரட்டாசி முதல் வாரம் டேனியல் புது வீட்டுக்குக் குடிபோனார். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே தகரக் கூரை. அதோடு ஆறு கோழி. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மட்டும் பழையபடி கனகா கையால்தான். அன்று சாயங்காலமே பருவத்தின் முதல் மழை பிடித்தது. ராத்திரிச் சாப்பாட்டை வைத்தபடியே கனகா கேட்டாள்.

"அண்ணங்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்றேன்."

"எப்போ? தண்ணி வந்தப்பறமா?"

"நாலு வருசமா கோடி போவல. இந்த வருசம் மட்டும் போயிடப் போவுதா? சும்மா கெட."

அவனுக்கு ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நெல் நிலம் உண்டு. ஏரி நிரம்ப வேண்டும் என்று வருஷா வருஷம் சாமி கும்பிடுகிறவன், இந்த வருஷம் விடிந்ததும் மதகடிக்குப் போய் அளவுகல்லைப் பார்த்து, தண்ணீர் ஏறவில்லை என்றால் நிம்மதியாக வந்தான். தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் சொல்லிவிடத்தான் போனான். டேனியல் கோழிக்குக் கூண்டு அடித்துக்கொண்டிருந்தார். வா மச்சான் உட்கார் என்று டீ போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஏதோ எதிர்பார்க்கிற மாதிரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கலைச்செல்வன் கூண்டைப் பற்றி இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான். பண்டிகை முடியட்டும் என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டான். பண்டிகை முடிந்தது. புயல் சின்னம் என்று டிவியில் சொன்னார்கள். மூன்று நாள் விடாமல் கொட்டியது.

கார்த்திகை எட்டாம் தேதி விடியற்காலையில் கோயில் மைக்கில் குரல் வந்தது. "ஏரி கோடி போவுது, ஏரி கோடி போவுது. எல்லாரும் பூஜைக்கு வாங்க." ஊரே எழுந்து ஓடியது. பெண்கள் தாம்பாளத்தில் மஞ்சளும் குங்குமமும் பூவும் எடுத்துக்கொண்டு, வழிகிற தண்ணீருக்குப் போடப் போனார்கள். யாரோ பட்டாசு வெடித்தார்கள். கலைச்செல்வன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூஜை நடக்கும் பக்கம் திரும்பாமல், கரைக்குக் கீழே இறங்கி ஓடினான்.

கால்வாயில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இழுத்தது. கோடிமேடு ஏற்கெனவே தீவாகியிருந்தது. டேனியல் வீட்டு வாசலில் தண்ணீர் ரெண்டடிக்குச் சரியாக வந்து, உள்ளே போகலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பதறிக்கொண்டு நிற்பார் என்று நினைத்து வந்தான். அப்படி ஒன்றும் இல்லை. கட்டில், பெட்டி, துணி மூட்டை எல்லாம் முன்னமே கட்டி வைத்த மாதிரி ஒழுங்காகக் கயிறு போட்டிருந்தது. பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து சின்னபொண்ணுவும் அவள் புருஷனும் வந்து, ஒவ்வொன்றாகத் தலையில் வைத்துக் கரைக்குக் கொண்டுபோனார்கள். கரைமேல் ஒரு டிராக்டர் நின்றது.

"மச்சான், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றான் கலைச்செல்வன். மூச்சு வாங்கியது.

"சொல்லு."

"ஏரி கோடி போனா தண்ணி இங்கதான் வரும். எனுக்குத் தெரியும். சித்திரையிலயே தெரியும். கடகால் போட்ட அன்னிக்கும் தெரியும்."

டேனியல் கோழிக் கூண்டின் கதவைக் கயிற்றால் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"புரட்டாசியிலயே இந்தச் சின்னபொண்ணு சொல்லிச்சி. நண்டு புடிக்க வந்துச்சி. கோடி போனா நாங்க உன் வாசல்லதான் மீன் புடிப்போம், நீ எங்க போவ பெரியவரேன்னு கேட்டுச்சி. அப்பதான் கோடின்னா இன்னான்னே தெரிஞ்சிக்கினேன்."

கலைச்செல்வன் ஓரடி முன்னால் வந்தான். "ரெண்டு மாசமாவா? ஏன் எங்கிட்ட கேக்கல? சட்டையப் புடிச்சி ஒதச்சிருக்கலாமே."

"நீயா சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன். ஞாயித்துக்கெழம சோத்துல ஒக்காரும்போதெல்லாம், இன்னிக்குச் சொல்லிடுவான்னு நெனைப்பேன். தீவாளிக்கு முன்னாடி வந்தியே, அன்னிக்கு நிச்சயமா சொல்லுவன்னு நெனச்சேன். டீ ஆறிப்போச்சி, நீ கூண்டு நல்லாகீதுன்னு சொல்லிட்டுப் போய்ட்ட." அவர் குரல் உயரவே இல்லை. "தண்ணி இருபது நாள் நிக்கும். அவ்ளோதானே? ஒரு பரண் கட்டிக்கினு, ஒரு தெப்பத்த வாங்கிப் போட்டுக்கினு நான் இருந்துருப்பேன். தண்ணிக்காக நான் போவல."

கலைச்செல்வன் அழுதான். ஐம்பத்து நாலு வயசில், சின்னபொண்ணு பார்த்துக்கொண்டிருக்க, முழங்கால் தண்ணீரில் நின்று அழ வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிய வெட்கம் உள்ளே இருந்ததால் துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

கடைசி மூட்டையை டேனியலே தோளில் போட்டுக்கொண்டார். அவனும் கோழிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே கரையேறினான். டிராக்டரில் ஏறி உட்கார்ந்ததும் அவர், "தங்கச்சிகிட்ட நான் போய்ட்டு வர்றேன்னு சொல்லிடுங்க," என்றார். சொல்லிடுங்க! ஆறு மாசமாக வா, போ என்றவர். அந்த ஒரு மரியாதை கலைச்செல்வனுக்குக் கன்னத்தில் விழுந்தது.

ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு காரியம்தான். டிராக்டரின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"மனையும் வூடும் அப்டியே கெடக்கட்டும். சித்திரையில நானே நல்ல வெலைக்கு வித்துத் தர்றேன். எனுக்கு ஒரு பைசா கமிஷன் வேணாம்."

டேனியல் அவன் பக்கம் குனிந்தார். கோபம் இல்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவனிடம் வெளியிலிருந்து பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"விக்கப்போறது இல்லைங்க. வித்தா, வாங்க வர்ற ஆளு முன்னாடி நானும் வாய மூடிக்கினு நிக்கணும்."